அம்மா வழி வந்த கண்

அண்ணே,

ரம்புட்டான் காலம் முடியப் போகிறது. வீட்டுக்குப் பின்னால் குவிந்து கிடக்கும் தோலெல்லாம் மழையில் ஊறி, புளித்த வாசனை அடுப்படி வரைக்கும் வருகிறது. அதைக் கூட்டித் தள்ளச் சொல்லி அத்தை காலையிலிருந்து சத்தம் போடுகிறார். எனக்கு மனம் வரவில்லை. இந்த வாசனை வந்தால் நீ வந்திருக்கிறாய் என்று அர்த்தம். வருஷா வருஷம் இந்த மாதங்களில்தான் ரம்புக்கனையிலிருந்து மூட்டையோடு வந்து யட்டியாந்தோட்டைக் கடைவீதியில் இறங்குவாய். காய்ச்சல் வருஷத்துக்குப் பிறகு மரம் மட்டும் காய்க்கிறது.

இந்த வருஷம் காய்ப்பு தொடங்கியபோது நடந்ததை உனக்குச் சொல்ல வேண்டும்.

என் சின்னவன் மரத்தடியில் உட்கார்ந்து குலையிலிருந்து ஒவ்வொன்றாகக் கிள்ளிக்கொண்டிருந்தான். நான் கொடியில் துணி போட்டுக்கொண்டிருந்தேன். பையன் பழத்தைப் பார்க்கவே இல்லை. கண்ணை எங்கேயோ வைத்துக்கொண்டு, மேலே இருக்கும் முள்ளை விரலால் தடவி, வளைத்துப் பார்த்து, ஒன்றை மடியில் போட்டான், இன்னொன்றை ஒதுக்கினான்.

"என்னடா அது? பாத்தா தெரியாதா? செவப்பா இருக்கறத எடு" என்றேன்.

தலையைக் குனிந்துகொண்டான். எனக்கு என்னவோ போல் இருந்தது. பக்கத்தில் போய் உட்கார்ந்து ஒரு காயையும் ஒரு பழத்தையும் உள்ளங்கையில் வைத்து, எது சிவப்பு என்று கேட்டேன். வெகுநேரம் பார்த்தான். பிறகு காயைத் தொட்டான்.

"எனக்குத் தெரியலம்மா. மாமாதான் சொல்லிக் குடுத்தாங்க, முள்ளு மெதுவா வளைஞ்சா பழம், வெறப்பா நின்னா காயின்னு."

"மாமாவுக்குத் தெரியுமா, ஒனக்கு இப்பிடின்னு?"

"தெரியும். அவங்களுக்கும் இப்பிடித்தானாம். யாருகிட்டயும் சொல்லாத, ஒங்கம்மாவத்தான் வைவாங்கன்னு சொன்னாங்க."

துணி பாதி கொடியில், பாதி கூடையில் கிடந்தது. நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன், அண்ணே.

அம்மா சிவப்புச் சீலையை எடுத்து வரச் சொன்னால் நீ பாக்கு நிறச் சீலையை எடுத்து வருவாய். தோட்டத்து லய வரிசை வீடுகளில் இருந்த பையன்கள் சிங்களத்தில் 'பொட்டயா' என்று உன்னைக் குருடனாக்கிக் கூப்பிடுவார்கள். நீயும் சேர்ந்து சிரிப்பாய். தோட்டத்துக் கணக்கப்பிள்ளையான அப்பா, தன் மகனுக்குக் கவனம் போதவில்லை என்பார். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். உனக்குக் கவனம் எல்லாம் கீழே ரயில் பாதையில்தான். கண்டிக்கு ஏறும் வண்டிக்கு ரம்புக்கனையில் பின்னால் இன்னொரு எஞ்சின் பூட்டுவார்களே, அது ஏற்றத்தில் மூச்சு வாங்கித் தள்ளும் சத்தம் கேட்டால் சோற்றுத் தட்டை விட்டு எழுந்து ஓடுவாய். என்னையும் இழுத்துக்கொண்டு போய் மேட்டில் நிறுத்தி, கைகாட்டியைக் காட்டுவாய்.

"கை எறங்கினா வண்டி போகலாம். நீட்டி நின்னா நிக்கணும். ராத்திரியில வெளக்கு. செவப்பு மங்கலா எரியும், பச்சை வெள்ளையா எரியும்."

பச்சை எப்படி வெள்ளையாக எரியும் என்று நான் கேட்கவில்லை. ரயிலைப் பற்றி உனக்குத் தெரிந்தது எனக்குத் தெரியாது என்று விட்டுவிட்டேன்.

ஸ்டேஷன் மாஸ்டர் யாழ்ப்பாணத்துக்காரர், அப்பாவுக்குப் பழக்கம். அவர் சொல்லித்தான் கொழும்பில் ரயில் வேலைக்கு ஆள் எடுத்தபோது உன்னைக் கூப்பிட்டார்கள். அப்பா தன்னுடைய கறுப்புக் கோட்டைக் கொடுத்து அனுப்பினார். கை நீளம், மடித்து விட்டிருந்தாய். அந்த வேலை கிடைத்தவுடன் கல்யாணம் என்று பேச்சு முடிந்திருந்தது. அப்பாவின் அக்கா வீட்டில் பெண் கொடுத்துப் பெண் எடுப்பதாக ஏற்பாடு. யட்டியாந்தோட்டைப் பக்கத்தில் அத்தையின் புருஷன் பெரிய கங்காணி. அவர்கள் மகனுக்கு நான், உனக்கு அவர்கள் மகள் பாக்கியம். பாக்கியம் நம் வீட்டுக்கு வந்தால் நீ வெளியே போய் நிற்பாய், நீ உள்ளே வந்தால் அவள் அடுப்படிக்குப் போவாள். பெரியவர்கள் பேசி முடிப்பதற்கு முன்பே நீங்கள் இரண்டு பேரும் முடித்துவிட்டீர்கள் என்று எனக்குத் தெரியும்.

மறுநாள் சாயங்காலம் நீ திரும்பி வந்தாய். வீட்டுக்குப் போகாமல் நேரே பீலிக்கு வந்தாய். நான் குடத்தில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"வெள்ளைத் துணி விரிச்சு, மேல கம்பளி நூலாக் கொட்டி வச்சிருந்தாங்க. ஒரு நூலக் குடுத்து, இது மாதிரி இருக்கறதையெல்லாம் பொறுக்கச் சொன்னாங்க. நானும் பொறுக்கினேன். அப்பறம் இன்னொரு நூலு. அதுக்கும் பொறுக்கினேன். கூட இருந்த பயலுங்க சிரிச்சாங்க. அந்த வெள்ளைக்காரன் மட்டும் சிரிக்கல. அதுலதான் எனக்குப் பயம் வந்திருச்சு."

"என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல. தலைய ஆட்டிட்டு அடுத்த ஆளக் கூப்பிட்டாரு. கிளார்க்கு ஒருத்தர்தான் சொன்னாரு, தம்பி, ஒனக்கு செவப்பும் பச்சையும் பிரிஞ்சு தெரியல, ரயில் வேல சரிப்படாதுன்னு." பீலித் தண்ணீரில் முகத்தைக் கழுவிக்கொண்டே கேட்டாய். "நான் பாத்தத்தானே எடுத்தேன். வேற எப்பிடி எடுக்கறது?"

அப்பா நம்பவில்லை. வீட்டை விட்டுப் போக மனமில்லாமல் வேண்டுமென்றே செய்தாய் என்றார். கண் நன்றாகத் தெரிகிற பையனுக்குப் பச்சை தெரியாது என்றால் யார் ஏற்பார்கள்? "அந்தக் கோட்டக் கழட்டு" என்று மட்டும் முதலில் சொன்னார். நீ கழற்றி மடித்துக் கொடுத்த பிறகு குடைக்கம்பால் அடித்தார். நீ கையைத் தூக்கித் தடுக்கவில்லை. அம்மா அடுப்படி வாசலில் நின்றார். ஒரு வார்த்தை பேசவில்லை. பயந்து நிற்கிறார் என்று அப்போது நினைத்தேன்.

தோட்டத்தில் எந்தப் பேச்சும் நிற்காதே. கணக்கப்பிள்ளை மகனைக் கண்ணில் குற்றம் என்று ரயில் வேலையிலிருந்து கழித்துவிட்டார்களாம் என்று யட்டியாந்தோட்டை வரைக்கும் போய்விட்டது. அத்தை வந்தார். வந்தவர் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்து, கொண்டுவந்த மூட்டையை அவிழ்த்துச் சீலைகளைப் பரப்பினார். இதில் சிவப்பு எது, பச்சை எது, இந்தக் கரையில் ஓடுவது என்ன நிறம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். நான் எல்லாவற்றையும் சரியாகக் காட்டினேன். சின்னப் பிள்ளையிடம் விளையாடுவது போலத்தான் கேட்டார். எல்லாம் முடிந்ததும் மூட்டையைக் கட்டிக்கொண்டு அப்பாவைப் பார்த்தார்.

"தம்பி, தப்பா நெனைக்காத. ஒம்மவனுக்குக் கண்ணுல குத்தம். நாளைக்கி எம்பேரனுக்கும் அதே வந்திச்சின்னா நான் யாருகிட்டப் போய்ச் சொல்றது? பொண்ணுகிட்ட ஒரு குத்தமும் இல்ல. பொண்ணக் குடு, நான் கொண்டு போறேன். எம்பொண்ண மட்டும் கேக்காத."

நீ வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்தாய். நான் அந்த வீட்டுக்குப் போகமாட்டேன் என்று உன்னிடம் வந்து சொன்னேன். ஒரு கல்லை எடுத்துக் கீழே பள்ளத்தில் வீசிவிட்டு, "நீ போ. ரெண்டு பேரும் இங்கயே இருந்து என்ன பண்ணப் போறோம்? ஒன்னையாவது ஒழுங்கா அனுப்பி வச்சோம்னு இருக்கட்டும்" என்றாய்.

கல்யாணத்தில் எல்லா வேலையும் நீதான் செய்தாய். அண்ணன் செய்ய வேண்டிய சடங்கில் எதையும் விடவில்லை. தாலி கட்டும்போது நாத்தனார் முடிச்சுப் போட பாக்கியம் என் பின்னால் வந்து நின்றாள். முடிச்சு விழ வெகுநேரம் ஆயிற்று. பந்தலில் எல்லோரும் சிரித்தார்கள். நீ எங்கே நின்றாய் என்று நான் தேடிப் பார்க்கவில்லை. பார்த்திருக்கலாம்.

அந்த வருஷமே பாக்கியத்தைத் தெரணியகலைப் பக்கம் கட்டிக் கொடுத்துவிட்டார்கள். நீ ரப்பர் தோட்டத்தில், ரப்பர் தகடுகளைக் காயவைக்கும் புகைக்கூடத்து வேலைக்குப் போனாய். அப்பா போன பிறகு அம்மாவைப் பார்த்துக்கொண்டாய். பெண் பார்க்கலாமா என்று நான் கேட்டால், "யாரு வீட்டுப் புள்ளைக்கு நான் குத்தத்தக் குடுக்கறது?" என்பாய். அத்தை சொன்னதை நீயும் நம்பிவிட்டாய் என்பதுதான் இன்றைக்கும் என் நெஞ்சில் நிற்கிறது. உன்னை வேண்டாம் என்றவர்கள் சொன்னதை நீயே உன்னிடம் சொல்லிக்கொண்டாய்.

பழக்காலத்தில் வருவாய். அத்தையின் முன்னால் உட்காராமல் நின்றே பேசுவாய். என் மகள் ராசம்மாவுக்குத் தோடு, சின்னவனுக்கு விசில். அவனை அழைத்துக்கொண்டு மரத்தடிக்குப் போனால் சாப்பிடக் கூப்பிடும் வரைக்கும் வரமாட்டாய். மாமனும் மருமகனும் அப்படி என்ன பேசுகிறீர்கள் என்று நான் கேலி செய்திருக்கிறேன். அங்கே உட்கார்ந்துதான் என் வீட்டில் என்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்தாய்.

பிறகு மழை பெய்யாத அந்த வருஷம் வந்தது. ஆறு வற்றிக் குட்டை குட்டையாய் நின்றது. ஊரெல்லாம் மலேரியாக் காய்ச்சல். இங்கே இரண்டு பிள்ளைகளும் படுத்துக் கிடந்தார்கள். நீ படுத்திருக்கிறாய் என்று ஆள் வந்து சொன்னபோது சின்னவனுக்குக் குளிர் நடுக்கம். விடிந்தால் போகலாம் என்று இருந்தேன். விடிந்ததும் இன்னொரு ஆள் வந்தான்.

அம்மா இப்போது எங்களோடு இருக்கிறார். சின்னவன் சொன்னதைக் கேட்ட அன்றைக்கே அம்மாவிடம் போய் உட்கார்ந்தேன். அத்தை அடுத்த அறையில் படுத்திருந்தார். அம்மா தாழ்ந்த குரலில் பேசினார்.

"எங்கப்பாவுக்கும் அப்பிடித்தான் இருந்திச்சு. அந்தக் காலத்துல இங்க காப்பிதானே. பழுத்துச் செவந்ததத்தான் பறிக்கணும். அவரு காயும் பழமுமா உருவிக்கிட்டு வந்து நிப்பாரு. கங்காணிகிட்ட அடி வாங்காத நாளே இல்ல. நான் சின்னப் புள்ள, பக்கத்துலயே நின்னு, இது பழம், இது காயின்னு சொல்லிக் குடுப்பேன்."

"அப்ப, அன்னைக்கி அண்ணன அடிக்கும்போது ஒங்களுக்குத் தெரிஞ்சிருக்கு."

அம்மா புடவைத் தலைப்பை முறுக்கிக்கொண்டே இருந்தார். "தெரியும். சொன்னா, ஒன் வீட்டு ரத்தம்தான் எம்புள்ளையக் கெடுத்திச்சின்னு ஒங்கப்பா சொல்லுவாரு. ஒங்கத்தை ஒன்னையும் வேணாம்னு சொல்லியிருக்கும். ஒருத்தரோட போகட்டும்னு இருந்துட்டேன்."

எனக்குக் கோபம் வந்தது. அந்த முகத்தைப் பார்த்ததும் அது அடங்கிவிட்டது. உன் உடம்பை எடுக்கும்போது இந்த அம்மாதான் தனியாக இருந்தார்.

சின்னவனை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். அங்கே இப்போது இருப்பவர் யாழ்ப்பாணத்து டாக்டர். அவனிடம் நிறக் காகிதங்களைக் காட்டிக் கேட்டுவிட்டு, தாத்தாவில் தொடங்கி எல்லோரையும் பற்றிக் கேட்டார். நான் எதையும் மறைக்கவில்லை.

"இது தாய் வழியா வாறது, அம்மா" என்றார்.

"எனக்கு எல்லா நெறமும் தெரியுதுங்களே ஐயா."

"தெரியும். பொம்பிளையளுக்கு இதில ரெண்டு பங்கு கிடைக்கும். தாயிட்ட ஒண்டு, தகப்பனிட்ட ஒண்டு. ஒண்டு பழுதெண்டாலும் மற்றது பாத்துக்கொள்ளும். அவையளுக்கு ஒரு குறையும் தெரியாது. ஆம்பிளைப் பிள்ளைக்கு ஒரே பங்குதான், அதுவும் தாயிட்ட இருந்துதான். தாய் தன்ர ரெண்டில எதைக் குடுக்கிறாவோ, அதுதான் அவனுக்கு. உங்கட அம்மாவின்ர தகப்பனார் உங்கட அம்மாவுக்குக் குடுத்தார். உங்கட அம்மா தமையனுக்கும் குடுத்தா, உங்களுக்கும் குடுத்தா. உங்களிட்ட அது ஒளிச்சிருந்திட்டு மகனிட்டப் போய்ச் சேர்ந்திட்டுது."

நான் ஒன்றே ஒன்றுதான் கேட்க வந்திருந்தேன். "எங்கண்ணனுக்குக் கல்யாணமாகிப் புள்ளைங்க பொறந்திருந்தா?"

"ஆம்பிளைப் பிள்ளையளுக்கு வந்திராது. தகப்பன் மகனுக்கு இதைக் குடுக்கிறதில்லை. பொம்பிளைப் பிள்ளையள் எண்டால் உங்களை மாதிரித்தான், தாங்கள் வடிவாப் பாப்பினம், அவையின்ர பெடியளுக்கு வரலாம், வராமலும் விடலாம்." என் முகத்தைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார். "இது ஒரு நோயில்லை, அம்மா. ஆளுக்காள் மூக்கு வேற, சுருட்டை மயிர் வேற. அது மாதிரித்தான் கண்ணும். ரயில், கப்பல் வேலையில மட்டும் கரைச்சல்."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் சின்னவன் ஏதேதோ கேட்டுக்கொண்டு வந்தான். என் காதில் எதுவும் விழவில்லை. உன் மகனுக்கு வந்திருக்காது, அண்ணே. பாக்கியத்தைக் கட்டியிருந்தால் உங்கள் பையன் மேட்டில் நின்று கைகாட்டி விளக்கைச் சரியாகச் சொல்லியிருப்பான். அத்தை பயந்த அந்தப் பேரனை அத்தையின் வீட்டுக்குக் கொண்டுவந்தவள் நான். சீலைகளைப் பரப்பிக் கேட்டதற்கெல்லாம் சரியாகக் காட்டிவிட்டு, அந்தப் பங்கை உடம்பில் வைத்துக்கொண்டே மாலை போட்டுக்கொண்டேன். எனக்குத் தெரியாது. யாருக்குமே தெரியாது. தெரியாததை வைத்து உன்னை மட்டும் ஒதுக்கினார்கள், நீ ஒதுங்கிக்கொண்டாய்.

உன் மச்சானிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தவர் எழுந்து போய் வாசலில் நின்றார். "அவன நான் ஒரு நாள் உக்காருன்னு சொல்லியிருக்கலாம்" என்றார். அத்தையிடம் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். வயசான காலத்தில் அவர் தெரிந்துகொண்டு என்ன செய்யப் போகிறார் என்றார். சின்னவனை மடியில் வைத்துக்கொண்டு, இவன் தாத்தா மாதிரியே இருக்கிறான் என்று அத்தை பெருமை பேசும்போது நான் அந்தப் பக்கம் போவதில்லை.

ஆனால் ஒருத்தியிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பாக்கியம் தன் மூத்த மகனுக்கு நம் ராசம்மாவைக் கேட்டு ஆள் அனுப்பியிருந்தாள். நல்ல பையன். உறவு முறையும் சரி. எல்லோருக்கும் சந்தோஷம். ராசம்மாவுக்கும் விருப்பம்தான் என்று அவள் எண்ணெய் வைத்துத் தலை வாருவதைப் பார்த்தாலே தெரிந்தது. அவளிடமும் அந்தப் பங்கு இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், பார்த்துச் சொல்ல வழியில்லை என்று டாக்டர் சொல்லியிருந்தார். ராசம்மாவிடம் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். "பாக்கியம் அத்தைகிட்டச் சொல்லிட்டு வந்துருங்கம்மா. மறைச்சு வச்சிட்டு நான் அங்க எப்பிடி இருக்கறது?" என்றாள். அம்மா பேசாமல் நின்ற வாசலில் நானும் போய் நிற்க வேண்டாம் என்று போன வாரம் பஸ் ஏறித் தெரணியகலைக்குப் போனேன்.

பாக்கியத்தின் வீட்டுக்காரர் வேலைக்காட்டுக்குப் போயிருந்தார். அவள் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். தாத்தா, அம்மா, நான், சின்னவன். உன் பெயரைச் சொல்லவில்லை, அண்ணன் என்றுதான் சொன்னேன். முறம் நின்றுவிட்டது. டாக்டர் சொன்னதைச் சொன்னபோது, உன் பிள்ளைக்கு வந்திருக்காது என்ற இடத்தில், அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"ராசம்மாவுக்குப் பொறக்கற பையனுக்கு வரலாம் பாக்கியம். இப்பவே சொல்லிட்டேன். வேணாம்னா வேணாம்னு சொல்லு. எனக்கு ஒண்ணும் மனசுல இல்ல."

அரிசியில் கிடந்த கல் ஒன்றை எடுத்து வெளியே போட்டாள்.

"அன்னைக்கி என்கிட்ட யாரும் கேக்கல, அண்ணி" என்றாள். "எங்கம்மா போய் ஒங்களுக்குச் சீலையக் காட்டினாங்க, ஒங்கப்பாகிட்டப் பேசினாங்க, வந்து முடிஞ்சிருச்சுன்னாங்க. கேட்டிருந்தா, கண்ணு தெரியாட்டியும் பரவால்லன்னு சொல்லியிருப்பேன்."

"தெரியும்" என்றேன்.

"அப்ப, அவங்க கண்ணு எங்க வீட்டுக்கு வந்தாலும் வரலாம்னு சொல்றீங்க."

"வரலாம். வராமலும் போகலாம்."

"வரட்டும்."

அதைச் சொல்லிவிட்டு முறத்தை எடுத்துக்கொண்டு எழுந்தாள். வீட்டுக்காரரிடம் தானே பேசிக்கொள்வதாகச் சொன்னாள். தேத்தண்ணி போடுகிறேன் என்று அடுப்படிக்குப் போனவள் வர நேரமாயிற்று. நான் கூப்பிடவில்லை.

தை மாதத்தில் கல்யாணம். உன் கண்ணை இதுவரை நான் தெரியாமல் சுமந்தேன், இனித் தெரிந்து சுமப்பேன். அது எனக்குப் பாரமில்லை. பாக்கியம் சொன்ன அந்த ஒரு சொல்தான், அண்ணே. அது உனக்குச் சேர வேண்டியது. அன்றைக்கு யாராவது அவளைக் கேட்டிருந்தால் உன் கையில் வந்திருக்கும். இப்போது என்னிடம் இருக்கிறது. கொடுக்க நீ இல்லை.

உன் தங்கை